கோசோங்

பீடோங் சாலையில் செம்பனைக் குலை லாரிகள்
விடியுமுன்பே ஆலைக்குள் இறங்குகின்றன.
அந்த வாடை பாஜுவுக்குள் புகுந்து
ஆய்வகம் வரை என்னோடு வரும்.
ஜெராய் மலை பாதிதான் தெரியும், மீதி மேகம்.

என் வேலை கூண்டு செய்வது.
செய்வது என்று சொல்லக்கூடாது.
நான்கு மூலைக்கு இரும்பு, ஆறு விளிம்புக்குக் கரிமத் துண்டு,
தண்ணீரில் போட்டு இளஞ்சூட்டில் விட்டு
நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.
காலையில் நாவற்பழச் சாறு மாதிரி ஒரு நிறம்.
ஆணி இல்லை, பசை இல்லை.
தாமே கூடி, நடுவில் ஓர் இடம் விட்டு நிற்கும்.

அந்த இடம் வெண் பாஸ்பரசுக்கு.
நான்கே அணு. காற்றைக் கண்டால் பற்றிக்கொள்ளும் பிறவி.
தண்ணீருக்கடியில் வைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டவேண்டும்.
கூண்டுக்குள் போனபின்
மூடியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு
மதியம் சாப்பிடப் போனேன்.
ஒன்றும் ஆகவில்லை.

காற்று நுழையாததால் இல்லை.
நுழையும், இடைவெளி நிறைய.
ஆனால் எரிய வேண்டுமென்றால்
ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு கொஞ்சம் பருக்கவேண்டும்.
பருக்க அங்கே இடமில்லை.
அவ்வளவுதான்.

எடைமேடையில் ரசீது எழுதும் புனிதமலர்
ஜூன் மாதம் ஓர் இரவு பதினொன்றரைக்கு
அரிசிப் பையில் துணிகளோடு
இடது காதில் தோடு இல்லாமல்
என் வாடகை வீட்டுக் கதவைத் தட்டினாள்.
எனக்கு அவளை அவ்வளவாகத் தெரியாது.
பேருந்து நிறுத்தத்தில் ஒருமுறை குடை கொடுத்திருக்கிறேன்.

கத்தி எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டாள்.
வெங்காயம் வெட்ட, என்றாள்.
வீட்டில் வெங்காயம் இல்லை.

அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.
எல்லா அழைப்பும் உள்ளே வந்தது.
வாசலில் மோட்டார் சைக்கிள் தினமும் மெதுவாகி
பிறகு வேகமெடுத்தது.
பின்னறையில் ஒரு கட்டில், என் நோட்டுப் பெட்டிகள்,
எழுந்து நாலடி வைத்தால் சுவர்.
அவள் கோபம் கையை நீட்டப் பார்த்து
இடமில்லாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.
நாற்பத்தொரு நாள்.

நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிடவில்லை.
கூண்டுக்கும் உள்ளே இருப்பதற்கும் பிணைப்பு கிடையாது,
ஒன்றைச் சுற்றி ஒன்று இருக்கும், அதுதான்.
விருந்து என்றாலே முதலில் புதிது என்றுதான் பொருள்.
பழகிப்போனால் வேறு பெயர் வேண்டும்.

பென்சீன் ஒரு சொட்டு விட்டால்
கூண்டு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
பாஸ்பரஸ் வெளியே வரும்,
அதே நான்கு அணு, அதே தீ, ஒன்றும் குறையாமல்.
வெள்ளிக்கிழமை செய்து காட்டினேன். தலையாட்டினார்கள்.

வீட்டில் அந்தச் சொட்டை விட்டது யார், தெரியாது.
சுங்கைப்பட்டாணி நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதமாக இருக்கலாம்.
திங்கட்கிழமை மெத்தை மடிந்திருந்தது.
மேசைமேல் கத்தி.
பக்கத்தில் ஒரு கிலோ வெங்காயம்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
சாட்சிக் கூண்டு மேலே திறந்தது, இடுப்பளவுதான் மரம்.
இரண்டு மணி நேரம்.
மொழிபெயர்ப்பாளர் இருமுறை தண்ணீர் கேட்டார்.
அவள் கேட்கவில்லை.
வெளியே வந்து என்னைப் பார்த்தாள்,
குடை கொடுத்தவளைப் பார்ப்பதுபோல.
எனக்கு வலித்தது. வலித்திருக்கக்கூடாது.

மூலைக் கடையில் கோப்பி ஓ கோசோங் சொல்கிறேன்.
சீனி இல்லாததும் கோசோங், சுழியமும் கோசோங்,
ஆளில்லாத வீடும் நமக்குக் கோசோங்தான்.
என் கூண்டு மட்டும் ஒருநாளும் அப்படி இல்லை.
யாரும் வராத நேரம்
தண்ணீர் உள்ளே குடியிருக்கும்.

வெங்காயம் முளைவிட்டுவிட்டது.
அறையை யாருக்காவது விடச் சொல்கிறார் வீட்டுக்காரர்.
பார்க்கலாம் என்றிருக்கிறேன்.